ஸ்மோகோ நேரத்துல சூப்பர் பவுல்

போன திங்கக்கிழமை விடியகாலை 5 மணிக்கு ஹால்ல வெளிச்சம் தெரிஞ்சுது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா என் பையன், 13 வயசு, ஸ்கூலுக்குன்னா 7:30க்கு மூணு தடவை கத்துனாத்தான் கால் அசையும், அவன் போர்வையைப் போத்திக்கிட்டு டிவி சவுண்டை சுத்தமா கொறச்சு வச்சு உக்காந்திருக்கான். "என்னடா பண்ற"ன்னேன். "நைனர்ஸ் மேட்ச்மா, இப்பதான் ஆரம்பிச்சுது, ப்ளீஸ்மா." நைனர்ஸ்னா சான் பிரான்சிஸ்கோவோட அமெரிக்க ஃபுட்பால் டீம். அந்த ஊருக்கும் எங்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா அவனுக்கே தெரியாது, ஏதோ வீடியோ கேம்ல அந்த டீமை எடுத்து ஆடப்போய் அப்படியே ஒட்டிக்கிச்சு. திட்டத்தான் போனேன், காபியைப் போட்டுக்கிட்டு நானும் உக்காந்துட்டேன்.

அமெரிக்காவுல ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பிக்கிற மேட்ச் மெல்பர்ன்ல செப்டம்பர்ல திங்கள் காலைல 3 மணி, அக்டோபர்ல நம்ம கடிகாரத்தை முன்ன தள்ளினதும் 4 மணி, நவம்பர்ல அவங்க அவங்க கடிகாரத்தைப் பின்ன தள்ளினதும் 5 மணி. ஆக இந்த ஊர்ல என்எஃப்எல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக், பாக்குறவன் ஒண்ணு வெறியனா இருக்கணும் இல்ல கைக்குழந்தை வச்சிருக்கணும். அப்படியும் பாக்குறாங்க. அவங்களைப் பாத்து சிரிக்கிறவங்களும் நெறைய பேர். ரெண்டு கோஷ்டியும் நான் வேலை பாக்குற இடத்துலயே இருக்கு, நான் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கேன், அதைத்தான் எழுதப்போறேன்.

நான் இருக்குறது மெல்பர்ன் மேற்குப் பக்கம், லாவர்ட்டன்ல ஒரு வேர்ஹவுஸ்ல டிஸ்பாட்ச் ஆபீஸ். எந்த லாரி எப்ப வருது எந்த பேலட் எதுல ஏறுதுன்னு கணக்குப் பாக்குற வேலை. திருச்சிலேர்ந்து வந்து 9 வருஷம் ஆச்சு. வந்த புதுசுல இங்க யாராவது "ஃபுட்டி பாப்பியா"ன்னு கேட்டா நான் கால்பந்துன்னு நெனச்சுக்கிட்டு மெஸ்ஸி பத்தி பேசிருக்கேன், மானம் போச்சு. மெல்பர்ன்ல ஃபுட்டின்னா ஏஎஃப்எல், டீமுக்கு 18 பேர் ஒரு பெரிய முட்டை வடிவ மைதானத்துல உதைச்சு உதைச்சு ஆடுறது. அதே வார்த்தையை சிட்னில சொன்னா ரக்பி லீக். நாட்டையே குறுக்கால ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் இது அந்தப் பக்கம் அதுன்னு பிரிச்சு வச்சு, அதுக்கு ரான் பராசிங்கிற பெரிய ஆட்டக்காரர் பேர்ல பராசி கோடுன்னு 1978ல பேரும் வச்சிருக்காங்க. இது போக ரக்பி யூனியன், இது போக சாக்கர். இத்தனை ஃபுட்பால் வச்சிருக்குற ஊருக்கு அஞ்சாவதா ஒரு ஃபுட்பால் எதுக்குங்கிறதுதான் முதல் கேள்வியே. அதனால அமெரிக்க ஆட்டத்தை இவங்க ஃபுட்பால்னே சொல்றதில்ல, கிரிடயர்ன்னுதான் சொல்லுவாங்க. அதுவும் பெருசுங்க சொல்றப்போ குரல்ல ஒரு எளக்காரம் இருக்கும் பாருங்க, நம்ம வீட்டுப் பெரியவங்க பீட்சாவைப் பத்திப் பேசுற மாதிரி.

எங்க வேர்ஹவுஸ்ல மூணு பேர் முக்கியம். ஒருத்தர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பெரியவர், 60ஐ நெருங்கிட்டாரு, காலிங்வுட்ங்கிற ஏஎஃப்எல் டீமோட சப்போர்ட்டர், கையில கறுப்பு வெள்ளை மேக்பை பறவை பச்சை குத்திருப்பாரு. என்னை "லவ்"னுதான் கூப்புடுவாரு, முதல் வாரம் தூக்கிவாரிப் போட்டுச்சு, அப்புறம் பாத்தா கூரியர் பையன்லேர்ந்து எங்க மேனேஜர் வரைக்கும் எல்லாரும் அவருக்கு லவ்தான். ரெண்டாவது ஒரு சமோவா தம்பி, 24 வயசு, சிட்னி மேற்குல வளந்து இங்க வந்தவன், ரக்பி லீக்னா உசுரு. மூணாவது ஆபீஸ்ல என் பக்கத்து சீட் பொண்ணு, பல்லாரட்காரி, அமெரிக்காவுக்கு ஒரு வருஷம் படிக்கப் போய் கிரீன் பே பேக்கர்ஸ்ங்கிற என்எஃப்எல் டீம் பைத்தியமா திரும்பி வந்தவ.

2025 பிப்ரவரி 10, திங்கக்கிழமை, சூப்பர் பவுல், என்எஃப்எல்லோட இறுதி ஆட்டம். இங்க காலைல பத்தரைக்கு ஆரம்பம். வருஷா வருஷம் அன்னைக்கு இந்த நாட்டுல எத்தனை பேருக்கு வயித்துவலி வரும்னு ஒரு கணக்கு எடுத்தா நல்லா இருக்கும். பப்ல எல்லாம் காலைலயே கூட்டம், பெர்த்துல ஏழரைக்கே சிக்கன் விங்ஸ் கடிச்சிட்டு இருப்பாங்க. எங்க இடத்துல லீவு குடுக்கல, ஆனா லஞ்ச் ரூம் டிவியை போட்டுக்க விட்டாங்க. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். சமோவா தம்பி ஈகிள்ஸ் தொப்பி போட்டுக்கிட்டு வந்திருந்தான், ஏன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

ஸ்மோகோன்னா இங்க காலை டீ பிரேக். பேர்ல புகை இருக்கு, பாதிப் பேர் இப்ப பிடிக்கிறதில்ல, பேர் மட்டும் போகல. அந்தக் கால் மணி நேரம் அன்னைக்கு எப்படியோ அரை மணியா நீண்டுச்சு. பெரியவர் சாண்ட்விச்சோட வந்து உக்காந்தாரு. ஒரு ஆட்டம் ஓடுச்சு, நாலு செகண்ட், எல்லாரும் கீழ விழுந்தாங்க, விசில். விளையாட்டை நிறுத்திட்டு ஆளாளுக்குக் கூடி பேசுனாங்க. மறுபடி நாலு செகண்ட். விசில். அப்புறம் விளம்பரம். பெரியவர் கடிகாரத்தைப் பாத்தாரு. "லவ், நான் இந்த சாண்ட்விச்சை முழுசா சாப்பிட்டுட்டேன், அவனுங்க இன்னும் பத்து கெஜம் தாண்டல"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

பொய்யில்ல. மேட்ச் கடிகாரத்துல 60 நிமிஷம், டிவில மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும், அதுல பந்து உண்மையிலேயே ஆட்டத்துல இருக்குறது சுமார் 11 நிமிஷம்தான்னு 2010ல வால் ஸ்ட்ரீட் ஜர்னலே கணக்குப் போட்டு எழுதுச்சு. ஏஎஃப்எல்ல ஒரு குவார்ட்டருக்கு 20 நிமிஷம், அதுவும் பந்து நின்னா கடிகாரமும் நிக்கும், ஆக அரை மணிகிட்ட போகும். நடுவுல ஆடுறவன் ஒரு மேட்ச்ல 12, 13 கிலோமீட்டர் ஓடுவான். அதைப் பாத்தே வளந்த கண்ணுக்கு இது பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஆனா நான் ஒண்ணு கேட்டேன். "பாக்ஸிங் டே டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் போவீங்க?" "முதல் மூணு நாள்"னாரு பெருமையா. பவுலர் திரும்பி நடந்து போறான், பேன்ட்ல பந்தைத் தேய்க்கிறான், கேப்டன் ஸ்லிப்ல ஒருத்தனை ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்றான், ஓடி வர்றான், பேட்ஸ்மேன் விட்டுர்றான். இதுல பந்து உசுரோட இருந்தது மூணு செகண்ட். அப்புறம் லஞ்ச், அப்புறம் டீ, மழை வந்தா தார்ப்பாய். இதை அஞ்சு நாள் உக்காந்து பாக்குற ஜனம் இன்னொருத்தனைப் பாத்து நிறுத்தி நிறுத்தி ஆடுறான்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். "அது வேற"ன்னாரு. எப்படி வேறன்னு கேட்டேன். "அது கிரிக்கெட்"ன்னாரு. முடிஞ்சுது.

அவரு சொன்னது சும்மா மடக்கலும் இல்ல, யோசிச்சா அதுல விஷயம் இருக்கு. கிரிக்கெட்ல பவுலர் திரும்பி நடக்குறப்போ நமக்கு அந்த இடைவெளில என்ன பாக்கணும்னு சின்ன வயசுலயே யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. எங்க அப்பா "பாரு, மிட்விக்கெட்ல ஆள் போடுறான், ஷார்ட் பால் வரும்"னு சொல்லிச் சொல்லித்தான் எனக்கு கிரிக்கெட்டே வந்துச்சு. பந்து வர்றதுக்கு முந்தி இருக்குற நேரம்தான் எனக்கு மேட்ச். அமெரிக்க ஆட்டத்துலயும் அதேதான், 40 செகண்ட் இடைவெளில அவன் எப்படி நிக்கிறான், இவன் யாரைப் பின்னாடி இழுக்குறான், பந்தை எறியுற குவார்ட்டர்பேக் கையை ஆட்டி என்ன கத்துறான்னு எல்லாம் நடந்துக்கிட்டு இருக்கு. பேக்கர்ஸ் பொண்ணு பக்கத்துல உக்காந்து "இப்ப பாருங்க, அந்த ஆள் இந்தப் பக்கமா நகந்தானா, அப்ப ஓட்டம் இல்ல, எறியப்போறாங்க"ன்னு சொல்லும்போது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவ இல்லாம தனியா பாத்தா எனக்கும் தூக்கம் வருது, ஒத்துக்குறேன்.

இன்னொன்னு, எனக்கு இது சட்டுனு புரிஞ்சதுக்குக் காரணம் கபடி. லால்குடிப் பக்கம் எங்க பாட்டி ஊர்ல பொங்கலுக்கு ராத்திரி முழுக்க கபடி நடக்கும், டியூப்லைட் கட்டி. ஒரு ரெய்டு 30 செகண்ட், முடிஞ்சுது, நிறுத்து, அடுத்த ரெய்டு. ஒவ்வொண்ணும் தனி சண்டை, கோடுதான் கணக்கு, உடம்பு அந்தக் கோட்டைத் தொட்டுச்சா இல்லையான்னு அம்பயர்கிட்ட பத்து பேர் கத்துவாங்க. அமெரிக்க ஆட்டத்துல பந்தை முன்ன கொண்டுபோற ஒரு வாய்ப்புக்குப் பேரு டவுன், அதுவும் கிட்டத்தட்ட ஒரு ரெய்டுதான். நாலு வாய்ப்பு, பத்து கெஜம், தாண்டினா மறுபடி நாலு. இதை வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவரு "கபடில விளம்பரம் கெடையாது"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டாரு.

அந்த விளம்பர விஷயத்துல நான் இந்த ஊர்க்காரங்க பக்கம். சூப்பர் பவுல் விளம்பரங்கள்னு உலகமே பேசும், அதெல்லாம் இங்க வராது. அந்த இடத்துல நம்ம லோக்கல் விளம்பரத்தைத்தான் போடுவாங்க, அதே பெட்டிங் ஆப், அதே பெட்டிங் ஆப், அதே பர்கர். அமெரிக்காக்காரனாவது பிரேக்ல சிரிக்கிறான், நாம பிரேக்ல பிரேக்கைத்தான் பாக்குறோம்.

சரி மேட்சுக்கு வர்றேன். முதல் குவார்ட்டர்ல ஈகிள்ஸ் எதிராளியோட கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் பக்கத்துல வந்து நின்னுச்சு. அப்ப அவங்க ஒரு வேலை பண்ணுவாங்க, டுஷ் புஷ்னு பேரு, குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கிட்டு அப்படியே முன்னாடி சாய, முன்னாடி இருக்குற மலைங்க முட்ட, பின்னாடி இருக்குறவங்க அவரைப் பிட்டத்துல கை வச்சு தள்ள, மொத்தமா ஒரு குவியல். டச்டவுன், பந்து கோட்டைத் தாண்டியாச்சு. சமோவா தம்பி டேபிளைத் தட்டி எந்திரிச்சுட்டான், "இது ஸ்க்ரம்! இது நம்ம ஆட்டம்!"னு கத்துறான். ஸ்க்ரம்னா ரக்பில ரெண்டு டீமும் கூட்டமா முட்டித் தள்ளுறது. பெரியவரே அதுவரைக்கும் போனை நோண்டிக்கிட்டு இருந்தவரு, "அதை மறுபடி போடு"ன்னாரு. மறுபடி போட்டாங்க, அதை மட்டும் குறை சொல்ல முடியாது, எதையும் ஏழு தடவை போட்டுக் காட்டுவாங்க.

அந்த மலைகள்ல ஒருத்தன்தான் ஜோர்டன் மைலாட்டா. தம்பி தொப்பிக்குக் காரணம். சிட்னி பேங்க்ஸ்டவுன் பையன், சமோவா குடும்பம், 6 அடி 8 அங்குலம், 160 கிலோவுக்கு மேல. சவுத் சிட்னி ராபிட்டோஸ் ஜூனியர் டீம்ல ரக்பி லீக் ஆடிக்கிட்டு இருந்தவன். அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் ஒண்ணுகூட ஆடினது கெடையாது. டீமுங்க புது ஆளுங்களை வரிசையா தேர்ந்தெடுக்குற 2018 டிராஃப்ட்ல ஈகிள்ஸ் அவனை ஏழாவது ரவுண்டுல எடுத்துச்சு, மொத்தம் 256 பேர்ல 233ஆவது ஆள். ரெண்டு வருஷம் மைதானத்துல எறங்கவே இல்ல, கத்துக்கிட்டே இருந்தான். 2020ல எறக்கிவிட்டாங்க, அப்புறம் அவனை நகர்த்த ஆளில்ல. அவன் வேலை லெஃப்ட் டேக்கிள். குவார்ட்டர்பேக் வலது கையால எறியும்போது இடது பக்க முதுகு தெரியாதுல்ல, அந்த முதுகைக் காவல் காக்குற வேலை. பந்தைத் தொடவே மாட்டான். நம்ம ஊர் தேர்ல கட்டை போடுறவர் மாதிரி, அவரு சரியா போட்டா யாரும் அவரைப் பாக்க மாட்டாங்க.

தம்பி அன்னைக்கு பந்தையே பாக்கல. 68ஆம் நம்பரை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தான். "என் அம்மா இந்த ஆட்டத்துல ஒரு ரூல் தெரியாது, ஆனா இவனோட மேட்ச் முழுக்க உக்காந்து பாக்குறாங்க"ன்னான். எங்க ஏரியாவுல சமோவாக்காரங்க ஜாஸ்தி, வெரிபி பக்கம், டார்னீட் பக்கம், அவங்க வீடுகள்ல அன்னைக்கு பாதி ஊரு லீவு. இதைக் கேட்டப்புறம் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. ஆஸ்திரேலியாவுல இந்த ஆட்டம் பிடிக்குமா பிடிக்காதான்னு பொதுவா கேட்டா பதில் வராது, யார் வீட்டுப் பையன் ஆடுறான்னு கேக்கணும்.

மீதி மேட்ச் எங்களுக்கு எப்படிப் போச்சுன்னா, ஸ்மோகோ முடிஞ்சு வேலைக்குப் போனோம், லஞ்ச் அரை மணி நேரம், அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து உக்காந்தா ரெண்டு மூணு ஆட்டம் காட்டினான், ஹாஃப் டைம். கென்ட்ரிக் லாமார் வந்து பாட ஆரம்பிச்சுட்டாரு. லஞ்ச் முழுக்க கச்சேரி. தம்பி தலையில கை வச்சுக்கிட்டான். ஸ்கோர் அப்பவே 24க்கு 0. அதுக்கப்புறம் எல்லாம் போன்ல ஸ்கோர் பாத்ததுதான், கடைசில 40க்கு 22, ஈகிள்ஸ். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஃபோர்க்லிஃப்ட் ஹார்ன் தொடர்ந்து அடிச்சுது, அது தம்பி. பாதுகாப்பு விதிப்படி தப்பு, எங்க மேனேஜர் கண்டுக்கல.

ஹெல்மெட் சண்டையும் சொல்லணும். இந்த ஊர்ல பெருசுங்க கடைசி ஆயுதம் அதுதான், "நம்ம பசங்க ஒரு ஷார்ட்ஸ் கையில்லாத பனியன்ல ஆடுறாங்க, அவனுங்க போருக்குப் போற மாதிரி கவசம் போட்டுக்கிட்டு வர்றானுங்க." முதல்ல நானும் தலையாட்டிருக்கேன். பேக்கர்ஸ் பொண்ணு ஒரு நாள் பொறுமையா சொன்னா, கவசம் இருக்குறதாலதான் அவங்க தலையை முன்னாடி விட்டு அந்த வேகத்துல மோதுறாங்க, கவசம் அடியைக் குறைக்கல, அடிக்குற தைரியத்தைக் கூட்டுதுன்னு. அதோட, ஹெல்மெட் போடாத பெருமையால யாரு மூளையும் தப்பிக்கல. ஜீலாங்ல ஆடின பாலி ஃபார்மர், ஃபுட்டியோட கடவுள்கள்ல ஒருத்தர், அவரு இறந்தப்புறம் மூளையைப் பாத்து, தலையில திரும்பத் திரும்ப அடிபட்டு வர்ற சிடிஇங்கிற மூளை நோய் இருந்துச்சுன்னு 2020ல சொன்னாங்க. அமெரிக்க ஆட்டக்காரங்களுக்கு வந்த அதே நோய். இதைச் சொன்ன அன்னைக்கு லஞ்ச் ரூம்ல யாரும் பதில் பேசல.

அதே பிப்ரவரி மாசம்தான் அறிவிச்சாங்க, 2026ல எம்சிஜில, அதாவது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துல, என்எஃப்எல் மேட்ச், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வந்து ஆடப்போகுதுன்னு. எம்சிஜி மெல்பர்ன்காரனுக்கு என்னன்னு தெரியணும்னா ஸ்ரீரங்கத்துக்காரன்கிட்ட ராஜகோபுரத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க. என் பையன் அன்னைக்கே டிக்கெட்டுக்கு உண்டியல் ஆரம்பிச்சுட்டான். பெரியவர் கொதிச்சுப் போயிட்டாரு. அவரு சொன்னதுல ரெண்டு மூணு நியாயமும் இருந்துச்சு, வெறும் கோபமும் இருந்துச்சு. 2026 காமன்வெல்த் கேம்ஸை நடத்துறேன்னு வாங்கிட்டு செலவு தாங்காதுன்னு 2023 ஜூலைல கைகழுவின மாநில அரசு, இதுக்கு மட்டும் ஓடி ஓடி வரவேற்குதேங்கிறது ஒண்ணு. இன்னொன்னு மைதானம். அவங்க ஆடுற இடம் 110 மீட்டர் நீளம் 49 மீட்டர் அகலம், செவ்வகம். எம்சிஜியோ பெரிய முட்டை வடிவம். நடுவுல பாய் விரிச்ச மாதிரி இருக்கும், கேலரில உக்காந்தவன் பைனாகுலர்ல பாக்கணும். இதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல.

மூணாவது கோபம்தான் எனக்குப் பிடிச்சுது. "ராம்ஸ் எந்த ஊர் டீம், சொல்லு லவ்?" லாஸ் ஏஞ்சலஸ்னேன். "தப்பு. க்ளீவ்லேண்ட்ல பொறந்துச்சு, 1946ல லாஸ் ஏஞ்சலஸ் போச்சு, அப்புறம் செயின்ட் லூயிஸுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, 2016ல மறுபடி லாஸ் ஏஞ்சலஸ். டீமா அது, வாடகை வீடா?" அந்த ஆட்டம் பிடிக்காதுன்னு சொல்றவருக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்னு நான் கேக்கல. ஏன்னா அவரு அப்பா சவுத் மெல்பர்ன் சப்போர்ட்டர். அந்த டீமை 1982ல சிட்னிக்குக் கொண்டுபோயிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க அப்பா எந்த டீமையும் சப்போர்ட் பண்ணலையாம், சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துல தண்ணி விட்டுக்கிட்டு இருப்பாராம். பேக்கர்ஸ் பொண்ணு அந்த நேரம் பாத்து, கிரீன் பே ஒரு லட்சம் பேர் இருக்குற சின்ன ஊரு, அந்த டீமுக்கு முதலாளி கெடையாது, ஜனங்கதான் பங்கு வாங்கி வச்சிருக்காங்க, எவனும் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு சொன்னா. பெரியவர் கொஞ்ச நேரம் மென்னுக்கிட்டு இருந்தாரு. "அது சரியான டீம்"ன்னாரு.

சரி, எம்சிஜிக்கு அமெரிக்காக்காரன் வர்றது ஏதோ புது அநியாயம் மாதிரி பேசுறாங்களே, உலகப்போர் சமயத்துல அமெரிக்கப் படை அந்த மைதானத்துலயேதான் தங்கியிருந்துச்சு. 1943ல மெரீன் படைக்காரங்க கேலரிக்குள்ள கட்டில் போட்டுப் படுத்திருக்காங்க. அதே 1943ல மெல்பர்ன்ல ரெண்டு ஆட்டத்தையும் கலந்து ஆஸ்டஸ்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ஆடிருக்காங்க, இந்த ஊர் ரூல்ஸ்தான், ஆனா உதைக்கிறதோட அமெரிக்காக்காரன் மாதிரி பந்தை எறியவும் செய்யலாம். போர் முடிஞ்சு அவங்க கெளம்பினதும் அந்த ஆட்டமும் செத்துப்போச்சு. இதைப் பெரியவர்கிட்ட சொன்னேன், நம்பல, போன்ல காட்டுனேன். "எறிஞ்சா கோலா?"ன்னாரு, ஏதோ மாமிசம் சாப்பிட்ட பிராமணரைப் பாத்த மாதிரி முகம்.

ஆமா, அவருக்கு உதைக்கிறதுதான் எல்லாம். அதனால என்எஃப்எல்ல அவரு மதிக்கிற ஒரே ஜாதி பன்ட்டர். நாலு வாய்ப்புல பத்து கெஜம் தாண்ட முடியாதுன்னு தெரிஞ்சா நாலாவதுல பந்தை முடிஞ்ச தூரம் உதைச்சு எதிராளிகிட்ட விட்டுர்றது, அதுக்குன்னு வர்ற ஆளு. மேட்சுக்கு நாலஞ்சு தடவை வருவான், உதைப்பான், போய் உக்காந்துக்குவான். இந்த வேலையை ஆஸ்திரேலியாக்காரங்க பிடிச்சு வச்சிருக்காங்க. மெல்பர்ன் டீம்ல ஆடின டேரன் பென்னட் 1995ல சான் டியகோ போய் ஆரம்பிச்சு வச்சாரு. ஜீலாங் கேப்டனா இருந்த பென் கிரஹாம் 2009ல சூப்பர் பவுல் ஆடுனாரு. பெரியவரோட காலிங்வுட்ல ஆடின சாவ் ரோக்கா 33 வயசுல அமெரிக்கா போய் புதுமுகமா எறங்குனாரு. பெர்த்ல கண்ணாடி மாட்டுற வேலை பாத்துக்கிட்டு இருந்த மிட்ச் விஷ்னோஸ்கி சான் பிரான்சிஸ்கோவுக்கு ரெண்டு சூப்பர் பவுல்ல உதைச்சிருக்காரு. சியாட்டில்ல மைக்கேல் டிக்சன், சிட்னிப் பையன். இதுக்குன்னு மெல்பர்ன்லயே புரோகிக்னு ஒரு பயிற்சிப் பள்ளி நடக்குது, இங்கேர்ந்து அமெரிக்க காலேஜ்களுக்குப் பசங்களை அனுப்பிக்கிட்டே இருக்காங்க. பந்தைத் தலைகீழா பின்பக்கமா சுழல விட்டு, விழுந்த இடத்துல பின்னாடி எகிற வைக்கிற உதை இங்க பத்து வயசுப் பையனுக்குத் தெரியும், அங்க அது வித்தை.

2023 சூப்பர் பவுல்ல செயின்ட் கில்டா பழைய ஆளு ஆரின் சிப்போஸ் உதைச்ச ஒரு பந்து தாழ்வாப் போயி, எதிராளி அதைப் பிடிச்சு 65 கெஜம் ஓடிட்டான், சூப்பர் பவுல் வரலாற்றுலயே பெரிய பன்ட் ரிட்டர்ன். பெரியவர் அன்னைக்கு வேலையில சுரத்தே இல்லாம இருந்தாரு. கிரிடயர்ன் பாக்க மாட்டேன்னு சொல்ற மனுஷன்.

2025 செப்டம்பர் ஏஎஃப்எல் கிராண்ட் ஃபைனலுக்கு எம்சிஜில ஸ்னூப் டாக்கைக் கூட்டிட்டு வந்து பாட வச்சாங்க, அதுக்கும் இங்க பெரிய சண்டை, நம்ம பண்டிகையை எதுக்கு சூப்பர் பவுல் ஆக்குறீங்கன்னு ஒரு கூட்டம், கச்சேரி சூப்பர்னு ஒரு கூட்டம். நானும் பையனும் சூப்பர் கூட்டம். ரக்பி லீக்காரங்களோ 2024லேர்ந்து சீசனோட முதல் மேட்ச்களை லாஸ் வேகஸ்ல கொண்டுபோய் ஆடுறாங்க. நாம அங்க போனா தொழில் வளர்ச்சி, அவன் இங்க வந்தா படையெடுப்பு.

சரி, இப்ப நடக்குறதைச் சொல்லி நிறுத்திக்கிறேன், பையனை எழுப்பணும். இந்த சீசனுக்குப் பேக்கர்ஸ் பொண்ணு வேர்ஹவுஸ்ல ஃபேன்டஸி லீக் ஆரம்பிச்சா, நிஜ ஆட்டக்காரங்களைப் பொறுக்கி நம்ம டீம் போட்டு, அவங்க மேட்ச்ல ஆடுறதுக்கு நமக்கு பாயின்ட். ஆளுக்கு பத்து டாலர், பத்து பேர், நான் எட்டாவது இடம், அதுவும் பையன் சொல்லிக் குடுத்து. ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு பெரியவரைக் கேட்டோம். ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருந்துட்டு மூணாவது நாள் ஸ்மோகோல வந்து பத்து டாலரை டேபிள்ல வச்சாரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு போன்ல லிஸ்ட்டை மேல கீழ தள்ளித் தள்ளிப் பாத்தாரு.

"இதுல டிக்சன் எங்க இருக்கான்?"

பன்ட்டருக்கு இந்த லீக்ல இடமே கெடையாது, உதைக்கு பாயின்ட் இல்லன்னு அவ பயந்து பயந்து சொன்னா.

பெரியவர் கண்ணாடியைக் கழட்டி மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, பத்து டாலரைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு, "சொன்னேன்ல லவ்"ன்னு என்னைப் பாத்து சொல்லிட்டு ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் போயிட்டாரு.